ஸ்தபதியின் வகுப்பறை

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் ‘டிசைன்’ என்பது அன்றாடப் பேச்சு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும் 2012-இல் டெய்ம்லர் ஆலையும் ஓடத் தொடங்கின. கொரியாவிலும் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வரைந்த வடிவங்கள் இங்கே இரும்பாகிச் சாலையில் இறங்கின. வடிவம் எங்கிருந்தோ வரும், அதைப் பிசகில்லாமல் செய்து கொடுப்பதுதான் நம் வேலை என்ற எண்ணம் இந்தப் பகுதியில் ஊறிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த ஆலைகளெல்லாம் வருவதற்கு நாற்பது ஆண்டு முன்பே, ஸ்ரீபெரும்புதூரையும் உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், கடலோரத்தில், அரசாங்கம் ஒரு வடிவமைப்புப் பள்ளியைத் திறந்திருந்தது. ஆண்டு 1957. ஊர் மாமல்லபுரம்.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது 1961-இல். அதற்கு வித்திட்ட அறிக்கையை அமெரிக்கத் தம்பதியான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் எழுதியது 1958-இல். மாமல்லபுரத்துப் பள்ளி இவ்விரண்டுக்கும் மூத்தது. ஆனாலும் வடிவமைப்புக் கல்வி என்று பேச்சு எழுந்தால் அதன் பெயரை யாரும் எடுப்பதில்லை. ‘சிற்பப் பள்ளி’ என்று ஒதுக்கிவிடுகிறோம். சாமி சிலை செதுக்கப் பழகும் இடம் என்பதோடு நம் அக்கறை நின்றுவிடுகிறது. ஒரு கட்டடத்தின் அடித்தளக் கணக்கிலிருந்து உச்சியில் நிற்கும் கலசத்தின் அளவு வரை ஒரே மூளையில் திட்டமிடக் கற்றுக்கொடுத்த பள்ளி அது.

அதை 27 ஆண்டு நடத்தியவர் வை. கணபதி ஸ்தபதி. குமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவரை அறியாத தமிழர் இல்லை. அந்தச் சிலைக்குக் கணக்கும் வடிவும் கொடுத்தவர் தம் வாழ்நாளின் நடுப்பகுதி முழுவதையும் ஒரு கல்லூரியின் தலைமை நாற்காலியில் கழித்தவர் என்பதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

பள்ளியின் கதைக்கு முன் கல்லின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் வல்லம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று ஒரகடத்தை ஒட்டியது. வல்லம் வடகால் சிப்காட் பூங்கா அங்கேதான் இருக்கிறது. மற்றது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் குன்றில், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனுக்கு அடங்கிய தலைவன் ஒருவனின் மகன் கந்தசேனன் குடைவித்த கோயில் இன்றும் உள்ளது. ஒரகடம் சாலை போய் முடியும் சிங்கப்பெருமாள் கோயிலிலும் நரசிம்மர் குடைவரைக்குள்தான் அமர்ந்திருக்கிறார். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டு வெட்டி வைத்தவன் மகேந்திரவர்மன். 7-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறைகளில் உளி பாய்ந்ததன் உச்சம் மாமல்லபுரம். அங்கே ஒரு கல்லூரி வேண்டும் என்று 20-ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் நினைத்தது பொருத்தம்தான். ஆனால் அந்தக் கல்லூரியின் ஆசிரியர்கள் மாமல்லபுரத்திலேயே பல்லவர் காலம் தொட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர். அவர்கள் வந்தது செட்டிநாட்டிலிருந்து.

பிள்ளையார்பட்டி, காரைக்குடிக்கு அருகிலுள்ள சிற்றூர். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்றுச் சேர்த்த செல்வத்தை நகரத்தார் கோயில் திருப்பணிகளில் கொட்டினார்கள். மன்னர்கள் போன பிறகு தமிழ்நாட்டுக் கல்தச்சர்களுக்குச் சோறு போட்டது பெரும்பாலும் அந்தத் திருப்பணிகள்தான். இளையாத்தங்குடி, வைரவன்பட்டி, மாத்தூர் என்று கோயில் கோயிலாகத் தூண்களும் விமானங்களும் புதிதாய் எழுந்தன. சிற்பிக் குடும்பங்கள் அந்த ஊர்களைச் சுற்றித் தங்கின. வைத்தியநாத ஸ்தபதியின் குடும்பம் அப்படிப்பட்டது. அவருடைய மகனாக 1927-இல் கணபதி பிறந்தார்.

இந்தத் தொழிலில் ஒருவன் தேறிய விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பையன் முதலில் உளிகளை எடுத்துக் கொடுப்பான். உலை ஊதுவான். மழுங்கிய முனையைக் காய்ச்சி அடிக்கப் பழகுவான். பிறகு உருப்படாத கல்லில் பட்டை எடுப்பான். அப்புறம் பூவேலை. மனித உருவத்தில் கை வைக்க ஆண்டுகள் ஆகும். முகத்தை அவனிடம் விடுவது கடைசியில்தான். நூல்கள் இந்தத் தொழிலாளர்களை நான்கு படியாக வகுத்தன. கல்லையும் மரத்தையும் வெட்டுபவன் தட்சகன். வெட்டியதைக் கூட்டிப் பொருத்துபவன் வர்த்தகி. நூல் பிடித்து அளவு காட்டுபவன் சூத்திரகிராகி. இவர்கள் அனைவருக்கும் மேலே, முழுத் திட்டத்தையும் தலையில் வைத்திருப்பவன் ஸ்தபதி. தமிழில் அவனைப் பெருந்தச்சன் என்றார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. மன்னன் பெயரையே பட்டமாகப் பெற்றவன் அவன். கட்டுவித்தவன் பெயர் நிலைத்து, கட்டியவன் பெயர் மறைந்துபோகும் நாட்டில் இது பெரிய மரியாதை.

கற்பித்தல் முழுவதும் வீட்டுக்குள் நடந்தது. தச்சர், கருமார், கன்னார், தட்டார், கல்தச்சர் என்னும் கம்மாளர் ஐந்து பிரிவினருக்கும் அதுவே வழி. அதில் ஒரு பலம் இருந்தது: கை பழகப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு அவகாசம் கிடைத்தது. ஒரு பலவீனமும் இருந்தது: குடும்பத்தில் ஒரு தலைமுறை வேறு வேலைக்குப் போனால் அதோடு அந்த அறிவு அறுந்தது. நகரத்தாரின் பர்மா வணிகம் இரண்டாம் உலகப்போரில் சிதைந்தது. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பெரிய திருப்பணிகளுக்குப் பணம் கொடுக்கும் கைகள் சுருங்கின. 1957-இல் பள்ளி தொடங்கியபோது நிலைமை இதுதான். பழைய புரவலர்கள் ஒதுங்கிய இடத்தில் அரசாங்கம் வந்து நின்றது. முதல் தலைமை ஆசிரியராக வைத்தியநாத ஸ்தபதி அமர்ந்தார்.

சென்னையில் அதற்கு ஒரு நூறாண்டு முன்பே ஓவியப் பள்ளி இருந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. ஐரோப்பிய முறையில் வரையக் கற்பித்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் அதன் தலைவரானார். 1957-இல், மாமல்லபுரத்தில் பள்ளி திறந்த அதே ஆண்டில், கே.சி.எஸ். பணிக்கர் அங்கே முதல்வரானார். 1966-இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையிலேயே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். ஒரே கடற்கரையில் இரண்டு விதமான கலைக் கல்வி ஒரே காலத்தில் நடந்தது. சோழமண்டலம் ஒவ்வொரு கலைஞனுக்கும் தனிப் பாணி வேண்டும் என்றது. மாமல்லபுரம் முதலில் அளவைக் கற்றுக்கொள், பாணி பிறகு வரும் என்றது. இன்று கலை வரலாற்றுப் புத்தகங்களில் முதலாவதற்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. இரண்டாவதற்குச் சில வரிகள்தான். அது நியாயமில்லை.

கணபதி தந்தையின் பட்டறையில் வளர்ந்தார் என்றாலும் அவர் வழி கொஞ்சம் வேறாகப் போனது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றார். உளி பிடிக்கும் குடும்பத்தில் ஒரு கணிதப் பட்டதாரி என்பது அந்தக் காலத்தில் அரிது. பின்னால் அவர் செய்த எல்லாவற்றிலும் அந்தப் படிப்பின் சாயல் தெரிகிறது. படித்துவிட்டு அவர் அலுவலகம் தேடிப் போகவில்லை. பழனி தண்டாயுதபாணி கோயிலில் ஸ்தபதியாக வேலை பார்த்தார். தந்தை உடல்நலம் குன்றியபோது, 1961-இல் மாமல்லபுரத்துப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்குதான்.

அவர் எதிர்கொண்ட சிக்கல் எளிதாகச் சொல்லிவிடக்கூடியது, தீர்ப்பதுதான் கடினம். தகப்பன் மகனுக்குக் கைபிடித்துக் கொடுத்ததை, முன்பின் அறியாத முப்பது பிள்ளைகளுக்குக் கால அட்டவணை போட்டு எப்படிக் கொடுப்பது? பட்டறையில் ‘இப்படிப் பார், இப்படி அடி’ என்றால் போதும். வகுப்பறையில் காரணம் சொல்ல வேண்டும். தேர்வு வைக்க வேண்டும். மதிப்பெண் போட வேண்டும். பாடப் புத்தகம் வேண்டும். மயமதம், மானசாரம் போன்ற நூல்கள் சமஸ்கிருதத்தில் இருந்தன. அவற்றைப் படித்த பண்டிதர்களுக்கு உளி தெரியாது, உளி தெரிந்தவர்களில் பலருக்கு அந்த மொழி தெரியாது. கணபதி ஸ்தபதி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தமிழில் ஒரு நூல் எழுதினார். ‘சிற்பச் செந்நூல்’ என்ற அந்தப் புத்தகத்தை 1978-இல் தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வெளியிட்டது. தொழில்நுட்பக் கல்வித் துறை ஒரு சிற்ப நூலை வெளியிட்டது என்பதே கவனிக்கத் தக்கது. சிலை செய்வது பக்தியோடு நின்றுவிடாத ஒரு தொழில்நுட்பம் என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

அந்தத் தொழில்நுட்பத்தின் உயிர் அளவில் இருக்கிறது. எட்டு யவம், அதாவது எட்டு நெல்லளவு, ஓர் அங்குலம். 24 அங்குலம் ஒரு முழக்கோல். கட்டடத்துக்கு இந்த அளவு. உருவத்துக்கு வேறு கணக்கு. செய்யப்போகும் சிலையின் மொத்த உயரத்தைப் பங்கிட்டு, அந்தச் சிலைக்கு மட்டுமே உரிய அங்குலத்தைக் கண்டெடுக்க வேண்டும். சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாளம்: உயரம் 124 பங்கு. தேவியருக்கு மத்திம தசதாளம்: 120 பங்கு. பிள்ளையாருக்கு ஐந்து தாளம், பூதகணத்துக்கு நான்கு தாளம். ஒரு முகத்தின் நீளம் ஒரு தாளம். இந்த முறையில் ஒரு சாண் உயர வெண்கலத்துக்கும் நூறடி உயரக் கருங்கல்லுக்கும் ஒரே விகிதம் பொருந்தும். மில்லிமீட்டரை மாற்றினால் எல்லா எண்களையும் மாற்ற வேண்டியிருக்கும் முறையல்ல இது. அலகே உருவத்தோடு சேர்ந்து வளரும். கணிதம் படித்தவருக்கு இதிலிருந்த அழகு உடனே பிடிபட்டிருக்கும். கம்ப்யூட்டரில் வடிவம் வரையும் ஒரகடத்துப் பொறியாளருக்கும் இது புதிராக இராது. ஓர் அளவை மாற்றினால் மற்றவை தாமாகச் சரியாகிக்கொள்ளும் மென்பொருளைத்தான் அவர் நாள்தோறும் கையாள்கிறார்.

கல்லூரியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துப் பட்டப் படிப்பாக உயர்த்தியது அவருடைய காலத்துச் சாதனை. இன்று அது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. மரபுக் கட்டடக்கலையில் பி.டெக்., கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றிலும் மரபு ஓவியத்திலும் பி.எஃப்.ஏ. என்று பாடங்கள் நடக்கின்றன. எந்தச் சாதியில் பிறந்தவரும் சேரலாம். பெண்களும் படிக்கிறார்கள். பிறப்பால் மட்டுமே கிடைத்த ஓர் அறிவை விண்ணப்பப் படிவம் நிரப்பினால் கிடைக்கும் அறிவாக மாற்றியது சாதாரணச் செயல் அல்ல. அதைச் செய்தவர் அந்த அறிவைப் பிறப்பால் பெற்றவரே என்பது அதைவிடப் பெரிது. அவர் எழுப்பிய எந்தக் கோபுரத்தையும்விட இந்தக் கல்லூரியே அவருடைய மேலான கட்டுமானம் என்று தயங்காமல் சொல்லலாம்.

இழப்பும் உண்டு. பதினைந்து ஆண்டில் கை கற்றதை நான்கு ஆண்டில் கற்றுவிட முடியாது. பட்டம் வாங்கிய பிறகும் ஒரு மூத்த சிற்பியின் பட்டறையில் சில ஆண்டு இருந்தால்தான் கை தேறும். வகுப்பறையின் வரம்பு அது.

பள்ளி தன்னைக் கட்டடங்களில் நிரூபித்த காலம் 1970-கள். பூம்புகாரில் 1973-இல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. ஏழு நிலை மாடம். அதன் சுவரில் கோவலன் கண்ணகி கதையைச் சொல்லும் 49 சிற்பங்களைச் செய்தவர்கள் மாமல்லபுரத்துக் கலைஞர்கள். அடுத்து வள்ளுவர் கோட்டம். திருவாரூர் ஆழித்தேரை மாதிரியாகக் கொண்டு, ஏறக்குறைய 39 மீட்டர் உயரத்தில் கல்தேர். அதோடு சேர்த்து, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 4,000 பேர் அமரும் அரங்கம். குறள் மணிமண்டபத்தில் 1,330 குறளும் கல்லில். திருவாரூர்த் தேர் மரத்தாலானது, ஓடுவது. கல்லில் நிற்கும் தேரைச் செய்யும்போது அசைவின் தோற்றம் மட்டும் மிஞ்ச வேண்டும், பாரம் முழுவதும் நேராக மண்ணுக்குள் இறங்க வேண்டும். அந்த வேலை நன்றாகவே நிறைவேறியது. மு. கருணாநிதியின் முயற்சியில் உருவான அதை, 1976-இல் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது திறந்து வைத்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடமும் நூலகமும் கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பே.

கோயிலுக்காக உண்டான இலக்கணத்தைக் கோயில் அல்லாத கட்டடத்துக்குக் கொண்டுவர முடியும் என்று இந்த மூன்றும் காட்டின. திராவிட இயக்க அரசு தன் பொது நினைவகங்களுக்கு ஒரு தமிழ் வடிவம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வடிவம் ஆகம மரபில் வந்த ஒரு ஸ்தபதியிடமிருந்து கிடைத்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தது வள்ளுவனும் இளங்கோவும்.

குமரிக்கு வருவோம். 1970-இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவகம் எஸ்.கே. ஆச்சாரி என்ற ஸ்தபதியின் கைவண்ணம். அதற்குப் பக்கத்துப் பாறையில் வள்ளுவருக்குச் சிலை வைக்க 1979-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். வேலை தொடங்கியது 1990-இல். ஆட்சி மாறியது, வேலை நின்றது. 1996-க்குப் பிறகு மீண்டும் சூடு பிடித்தது. 2000 ஜனவரி 1 அன்று திறப்பு விழா. அடிக்கல்லிலிருந்து திறப்பு வரை 21 ஆண்டு. அதற்குள் கணபதி ஸ்தபதி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

மொத்த உயரம் 133 அடி, குறளின் அதிகாரங்களின் எண்ணிக்கை. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த எண். இவை எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சிற்பியின் கணக்கு அதற்குள்ளே இருக்கிறது. முகம் 10 அடி, உடல் 40 அடி, தொடையும் காலும் 45 அடி. முகத்தைப் போல் ஒன்பதரை மடங்கு உயரம். தோள் அகலம் 30 அடி. கையிலுள்ள ஏட்டுச் சுவடியே 10 அடி. இடுப்பில் ஒரு சிறு வளைவு. நடராசர் வெண்கலத்தில் அந்த வளைவு எளிது. உலோகம் ஒரே வார்ப்பு. மூன்று டன் முதல் எட்டு டன் வரை எடையுள்ள கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடல் காற்று அடிக்கும் பாறையில் இடுப்பை வளைப்பது வேறு சங்கதி. பாரத்தின் நடுக்கோடு எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் ஒரு கல்லைக்கூட வைக்க முடியாது. அதற்காக முதலில் 40 அடி உயரத்தில் மரத்தால் ஒரு மாதிரி செய்து பார்த்தார்கள். மோட்டார் ஆலையில் புது வண்டிக்கு மாதிரி செய்து சோதிப்பதற்கு இணையான வேலை இது.

கற்கள் 3,681. மொத்த எடை ஏறத்தாழ 7,000 டன். அம்பாசமுத்திரத்திலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் கல் வந்தது. கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சங்கராபுரம் மூன்று இடங்களிலும் பட்டறைகள். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சிற்பிகளும் உதவியாளர்களும் உழைத்தார்கள். வெவ்வேறு ஊரில் வெவ்வேறு கை செதுக்கிய கற்கள் நடுக்கடலில் வந்து ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரே அளவுமுறையைப் படித்தவர்கள் இல்லாமல் இது நடக்காது. கல்லூரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும். கற்களைத் தோணியில் பாறைக்குக் கொண்டுபோய், கம்புகளும் கயிறும் கொண்டு கட்டிய சாரத்தின் மேல் ஏற்றினார்கள். பீடத்தைச் சுற்றிய மண்டபத்தில் பத்து யானைகள். உள்ளே 140 படி ஏறினால் வள்ளுவரின் பாதம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தப் பாறையில் மோதியது. சிலை அசையவில்லை.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. ஹைதராபாத் உசேன் சாகர் ஏரியில் நிற்கும் ஒற்றைக்கல் புத்தரைச் செதுக்கியவர் எஸ்.எம். கணபதி ஸ்தபதி, இவர் வேறு. 1990-இல் படகிலிருந்து ஏரிக்குள் மூழ்கி, 1992-இல் மீட்கப்பட்டு நிறுத்தப்பட்ட சிலை அது. இருவர் பெயரையும் ஒன்றாக்கி எழுதுவது இரண்டு பெரிய கலைஞர்களுக்கும் செய்யும் அநீதி.

1988-இல் ஓய்வு பெற்ற பிறகு கணபதி ஸ்தபதியின் வேலை கடல் கடந்தது. ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் காவாய் என்ற தீவில் சிவாய சுப்பிரமுனியசுவாமி அமைத்த சைவ மடத்துக்காக இறைவன் கோயிலை வடிவமைத்தார். சோழர் பாணி. 1990-இல் முதல் கல்லில் உளி பட்டது. பெங்களூருக்கு அருகில் இதற்கென்றே ஒரு பணிமனை அமைத்து, தமிழ்நாட்டுச் சிற்பிகள் வெள்ளைக் கருங்கல்லைக் கையாலேயே செதுக்கினார்கள். செதுக்கிய கற்கள் கப்பலேறிப் பசிபிக் பெருங்கடலுக்குப் போயின. அங்கே சிற்பிகள் போய் அவற்றைப் பொருத்தினார்கள்.

அந்தக் கோயிலின் அடித்தளம் தனியே சொல்லத் தக்கது. ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்றார்கள் மடத்தார். கான்கிரீட்டுக்குள் கம்பி போட்டால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். எனவே கம்பியே வேண்டாம் என்று முடிவானது. பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பி. குமார் மேத்தா, சிமெண்டைப் பாதிக்கு மேல் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்த கலவையைத் தந்தார். 1999-இல் ஏறக்குறைய 36 மீட்டர் நீளமும் 17 மீட்டர் அகலமும் உள்ள கம்பியில்லாத அடித்தளம் போடப்பட்டது. கான்கிரீட் அறிஞர்கள் நடுவே இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் வேலை இது. ஆயிரம் ஆண்டு நின்ற தஞ்சை விமானத்திலும் கம்பி இல்லை. மரபும் ஆய்வுக்கூடமும் ஒரே முடிவுக்கு வந்த அபூர்வத் தருணம்.

2009-இல் அவருக்குப் பத்ம பூஷண் கிடைத்தது. 2011 செப்டம்பர் 5 அன்று காலமானார். இறைவன் கோயிலின் குடமுழுக்கு 2023 மார்ச்சில் நடந்தது.

அவருடைய பிற்காலச் சிந்தனையில் ஏற்க முடியாத பகுதியையும் சொல்லத்தான் வேண்டும். சிற்ப நூல்கள் போற்றும் மயனையும் மத்திய அமெரிக்காவின் மாயர் நாகரிகத்தையும் இணைத்து அவர் பேசினார். மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் போய் அங்குள்ள கட்டுமானங்களைத் தம் அளவுமுறையோடு ஒப்பிட்டார். தொல்லியலாளர்கள் இதை ஏற்கவில்லை. ஏற்பதற்குக் கல்வெட்டோ அகழாய்வோ சான்று தரவில்லை. பெயர் ஒலிப்பின் ஒற்றுமையும் சில அளவுகளின் பொருத்தமும் இரண்டு கண்டங்களை இணைக்கப் போதாது. அவரைப் போற்றுகிறவர்கள் இதையே அவருடைய பெரிய கண்டுபிடிப்பாகத் தூக்கிப் பிடிப்பது அவருக்குத்தான் கெடுதல். எண்ணில் அடங்கும் நிஜமான அறிவு அவரிடம் ஏராளமாக இருந்தது. அதைப் படிக்காமல் இதைப் பேசுவது எளிது என்பதால் இது பரவுகிறது.

அவர் காலத்தில் இன்னொரு சுவர் எழுந்தது. 1972-இல் நாடாளுமன்றம் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தை நிறைவேற்றியது. ‘ஆர்கிடெக்ட்’ என்ற பெயரைப் பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்றானது. தகுதியில்லாதவர் கட்டடம் கட்டி ஆள் சாகாமலிருக்க அப்படியொரு சட்டம் வேண்டியதுதான். ஆனால் பட்டப் படிப்பையும் பதிவேட்டையும் கொண்டு தகுதியை அளக்கும் அந்தச் சட்டத்தில், பட்டறையில் தேறிய அறிவை அளக்கக் கோல் இல்லை. நவீனக் கட்டடக்கலைக் கல்லூரிகள் ஒரு பக்கம், ஸ்தபதிகள் ஒரு பக்கம் என்று பிரிந்தார்கள். இருபுறமும் போய்வந்தவர்கள் சிலர். நவீனக் கட்டடக்கலை படித்த சசிகலா ஆனந்த், கணபதி ஸ்தபதியிடம் பயின்று, மரபுக் கட்டடக்கலை பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். அப்படி இன்னும் பலர் வந்திருக்க வேண்டும்.

மாமல்லபுரத்துத் தெருக்களில் இன்று சிற்பக்கூடங்கள் நிறைந்திருக்கின்றன. கல்லூரியில் படித்தவர்களும் அவர்களிடம் பழகியவர்களும் நடத்துபவை பல. 2015-இல் உலகக் கைவினைக் கழகம் இந்த ஊரைக் கல்சிற்ப நகரமாக ஏற்றது. 2017-இல் மாமல்லபுரம் கல்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது. உளிச் சத்தத்தோடு கிரைண்டர் சத்தமும் கேட்கிறது. வேலை வேகமாக நடக்கிறது. கல்தூசியும் அதே வேகத்தில் பறக்கிறது. அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். தொழிற்சாலையில் முகக்கவசமும் தூசி உறிஞ்சும் கருவியும் சட்டப்படி வேண்டும் என்று கேட்கிறோம். கூரைக்கடியில் உட்கார்ந்து அம்மன் செதுக்குகிறவருக்கும் அதைக் கேட்டாக வேண்டும்.

ஒரகடம் ஆலைகளுக்கு வருடந்தோறும் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். போகட்டும், நல்ல வேலைதான். ஆனால் வரையும் கையும் கணக்கில் ஈடுபாடும் உள்ள ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், பிளஸ் டூ முடிவு வந்ததும் பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஒரு வேலை நாளில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரிக்கு அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போய் விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.